கையெழுத்துப் போடுவதற்கு முன்: அப்பா விட்டுச் சென்ற சொத்தும் ஐந்து பங்கும்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு 46 வயது. கோயம்புத்தூரில் இருக்கிறேன். 2002இல் திருமணம் ஆனது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரான என் அப்பா எட்டு மாதம் முன்பு காலமானார். உறையூரில் அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு, லால்குடிப் பக்கம் தாத்தா பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட் நஞ்சை, வங்கியில் 9 லட்சம் டெபாசிட், இவ்வளவுதான் சொத்து. டெபாசிட்டுக்கு அண்ணன் நாமினி. தாத்தா 1994இல் போய்விட்டார். அம்மாவும் அப்பாவைப் பெற்ற அப்பாயியும் உறையூர் வீட்டில்தான் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு அத்தைகள். தம்பி அப்பாவுக்கு முன்பே விபத்தில் இறந்துவிட்டான். அவன் மனைவி ஆறு வயதுப் பெண் குழந்தையோடு தாய்வீட்டில் இருக்கிறாள். வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், நான் என மூன்று பெயர் மட்டும் இருக்கிறது. வீட்டை அப்பா தனக்கே உயில் எழுதி வைத்துவிட்டார் என்று அண்ணன் ஒரு ஜெராக்ஸ் காட்டுகிறார். அது பதிவு செய்யாத உயில். பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது எழுதியது. கைரேகை மட்டும் இருக்கிறது. 'உனக்கு நாற்பது பவுன் போட்டாச்சு, வருஷ திதிக்குள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடு' என்கிறார். வரும் வெள்ளிக்கிழமை பதிவு. பத்திர நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அண்ணனோடு சண்டை வேண்டாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?"

அன்புள்ள சகோதரிக்கு,

வரும் வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பார்க்கலாம். உடம்பு சரியில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று காரணம் தேட வேண்டியதில்லை. "காகிதத்தை ஒரு தடவை வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் அண்ணா" என்று நேராகவே சொல்லலாம். அவர் கோபித்துக்கொள்ளலாம். அந்தக் கோபத்தைச் சமாளிப்பது சுலபம். பதிவான விடுதலைப் பத்திரத்தை, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் காகிதத்தை, சமாளிப்பது அப்படி இல்லை.

பதிவான பிறகு மனசு மாறிவிட்டது என்று நீங்கள் தனியாகப் போய் அதை ரத்து செய்ய முடியாது. ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார்கள் என்று சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். அதுவும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள். படித்த பெண், தானே சார்பதிவாளர் முன்னால் வந்து நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு, ரேகை வைத்து, சம்மதம் என்று சொல்லியிருக்கிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து சொல்வார். அதற்கு எதிராக வாதாடுவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது பங்கு யார் யாருக்கு என்று பார்ப்போம். உயில் விஷயத்தை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். உயில் இல்லை என்றால், உங்கள் அப்பா கண்ணை மூடிய நிமிடத்திலேயே அவருடைய சொத்து யாருக்கு என்பது முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழ், பட்டா, வீட்டு வரி ரசீது, வங்கியின் நாமினிப் பதிவு எதுவும் அந்தப் பங்கைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. உங்கள் பங்கை வேறொருவர் கைக்கு மாற்றக்கூடியது உங்கள் கையெழுத்து ஒன்றுதான்.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். அவருக்கு முன்பே இறந்துபோன பிள்ளையின் குடும்பமும் அதே வகுப்பில் சேரும். உங்கள் வீட்டில் அம்மாவுக்கு ஒன்று, அப்பாயிக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று, இறந்துபோன தம்பியின் குடும்பத்துக்கு ஒன்று. ஆக ஐந்து சம பங்கு. தம்பியின் பங்கை அவர் மனைவியும் குழந்தையும் பாதிப்பாதியாக எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்பதால் எதுவும் குறையாது.

அப்பாயி பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. மகன் சொத்தில் பெற்ற தாய்க்குப் பங்கு உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வயதான அம்மாள், ஓரமாகக் கட்டிலில் படுத்திருக்கிறார், அவருக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் அவரை உங்கள் அண்ணனுக்குச் சமமாக உட்கார வைத்திருக்கிறது. அப்பாயியின் பங்கை அவர் இருக்கும்போதே பேசி முடிக்காவிட்டால், அவருக்குப் பிறகு அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அதாவது உங்கள் இரண்டு அத்தைகளும் உறையூர் வீட்டில் பங்குதாரர்கள் ஆகிவிடுவார்கள். அத்தைகள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு காகிதத்துக்கும் அவர்களும், அவர்களுக்குப் பின் அவர்கள் பிள்ளைகளும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே உங்களிடம் இருக்கும் வாரிசுச் சான்றிதழ் தவறானது. அப்பாயி, தம்பி மனைவி, குழந்தை மூவரையும் சேர்க்கச் சொல்லி வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள்; அங்கே நடக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் போகலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும்போது யார் பதில் சொன்னாரோ, அவர் சொன்னபடி எழுதிவிட்டுப் போயிருப்பார். அண்ணன் வேண்டுமென்றே மறைத்தார் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். நிறையப் பேருக்கு இது உண்மையிலேயே தெரிவதில்லை. இன்னொன்று, அந்தச் சான்றிதழில் பெயர் விட்டுப்போனால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அலுவலக வேலைகளுக்காகத் தருகிற சான்று அது. உரிமையைத் தீர்மானிக்கும் வேலை சிவில் கோர்ட்டுடையது.

சரி, உயிலுக்கு வருகிறேன்.

உங்களுக்குப் பிடிக்காத உண்மையை முதலில் சொல்கிறேன். உறையூர் வீடு அப்பாவின் சுய சம்பாத்தியம். அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். ஒரே மகனுக்கு எழுதலாம், கோயிலுக்குக்கூட எழுதலாம். "மகளுக்கு இவ்வளவாவது விட்டுத்தான் ஆக வேண்டும்" என்று இந்துக்களுக்கான வாரிசுரிமைச் சட்டத்தில் இல்லை. உயிலைப் பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வெள்ளைத் தாளில் எழுதியதும் செல்லும். பதிவாகாததைக் காரணம் காட்டி மட்டும் நீங்கள் அதை உடைக்க முடியாது. அந்த உயில் கோர்ட்டில் நிரூபணமானால் வீட்டில் உங்களுக்குப் பங்கு இல்லை. அம்மாவுக்கும் இல்லை, அப்பாயிக்கும் இல்லை.

ஆனால் நிரூபிக்க வேண்டியவர் அண்ணன். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

உயில் எழுதியவர் இரண்டு சாட்சிகள் அறிய ஒப்பமிட்டிருக்க வேண்டும், அல்லது ரேகை வைத்திருக்க வேண்டும். அவர்களும் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். கோர்ட்டுக்கு வந்தால் அந்தச் சாட்சிகளில், உயிரோடு இருப்பவர்களில், ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். அதோடு சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை ஏதாவது இருந்தால், அதைப் போக்கும் பொறுப்பும் உயிலைக் கொண்டு வருபவருடையதுதான். 1959இல் வெங்கடாசல அய்யங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன இந்த விதியை இன்றும் எல்லாக் கோர்ட்டுகளும் பின்பற்றுகின்றன. உயிலால் பெரும் லாபம் அடைகிறவரே முன்நின்று எழுத வைத்திருந்தால் அது ஒரு சந்தேகச் சூழ்நிலை என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது.

உங்கள் அப்பா ஆசிரியர். வாழ்நாள் முழுக்க வருகைப் பதிவேட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் கையெழுத்துப் போட்ட கை. அந்த மனிதரின் உயிலில் கைரேகை ஏன் என்று நீதிபதி முதலில் கேட்பார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது என்றால் அது நியாயமான பதில்தான். அப்படியானால் மருத்துவமனைப் பதிவுகளில் எந்தப் பக்கம் பாதிப்பு, பேச்சு இருந்ததா, நினைவு தெளிவாக இருந்ததா என்பதெல்லாம் இருக்கும். உயில் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு எடுத்து வையுங்கள். அதே மாதங்களில் அப்பா ஓய்வூதியத்துக்கோ வங்கிக்கோ ஏதாவது கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்றும் பாருங்கள். கையெழுத்துப் போட முடிந்தவர் உயிலில் மட்டும் ரேகை வைத்தார் என்றால் அந்த உயில் நிற்பது கஷ்டம்.

ஜெராக்ஸில் தெரியும் சாட்சிப் பெயர்களில் ஒருவர் அண்ணியின் உடன்பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர் சாட்சியாக இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. ஆனாலும் அம்மாவும் அப்பாயியும் அதே வீட்டில் இருக்க, அவர்களுக்குத் தெரியாமல் உயில் எழுதப்பட்டது என்றால் அதுவும் ஒரு கேள்விதான். அம்மாவிடம் தனியாக, மெதுவாகக் கேளுங்கள். "அன்றைக்கு யார் யார் வந்தார்கள்?" என்று கேட்டால் போதும்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உயில் அவ்வளவு உறுதியானது என்றால் உங்கள் விடுதலைப் பத்திரம் எதற்கு? உயிலே வீட்டைக் கொடுத்துவிட்டதே. அண்ணன் தரப்பில் யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்: பதிவு செய்யாத, கைரேகை உயிலை நம்பி எந்த வங்கியும் கடன் தராது, வாங்குகிறவர் யாரும் பணம் கொடுக்க மாட்டார், கோர்ட் உத்தரவு கொண்டு வா அல்லது எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் கொண்டு வா என்று. கோர்ட்டுக்குப் போனால் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதைவிட உங்கள் கையெழுத்து சுலபம்.

கோர்ட் உத்தரவு என்றால் புரொபேட், உயில் உண்மையானதுதான் என்று கோர்ட் தரும் சான்று. உயிலில் நிறைவேற்றுபவர் என்று ஒருவரைக் குறிப்பிட்டிருந்தால் அவர் கேட்டுப் பெறுவது அது. நிறைவேற்றுபவர் இல்லாவிட்டால் உயிலை இணைத்த நிர்வாகப் பத்திரம் கேட்கலாம். சென்னை மாநகர எல்லைக்குள் உள்ள சொத்துக்கு இந்துக்களின் உயில் என்றால் புரொபேட் வாங்காமல் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று நெடுங்காலம் இருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவு அது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. திருச்சிச் சொத்துக்கு அது முன்பும் பொருந்தியதில்லை. கட்டாயம் இல்லையே தவிர, வேண்டுமென்றால் திருச்சி மாவட்ட நீதிமன்றத்திலேயே அண்ணன் புரொபேட் கேட்கலாம். அப்படிக் கேட்டால் வாரிசுகளுக்கு நோட்டீஸ் வரும். வந்தால் பயந்துவிடாதீர்கள், அலட்சியமாகவும் விடாதீர்கள். குறித்த தேதியில் வக்கீல் மூலம் ஆஜராகி ஆட்சேபம் சொல்ல வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம். அதனால் வழக்கு நிற்காது, ஒருதலைப்பட்சமாக முடிந்துவிடும். இப்போதே ஒரு கேவியட் மனு போட்டு வைத்தால், உங்களைக் கேட்காமல் உத்தரவு போகாது.

இனி நீங்கள் அனுப்பிய பத்திர நகல். அண்ணன் உங்களிடம் வீட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறார். நகலின் கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தைப் படித்தீர்களா? முதல் அயிட்டம் உறையூர் வீடு. இரண்டாவது அயிட்டம் லால்குடி வட்டத்து நஞ்சை, சர்வே எண்ணோடு. அதற்கு மேல் ஒரு வரி: "மற்றும் எனது தகப்பனாருக்குப் பாத்தியப்பட்ட இதர ஸ்தாவர ஜங்கம சொத்துக்கள் அனைத்திலும்" என்று இருக்கிறது. ஜங்கமம் என்றால் அந்த 9 லட்சமும் சேர்ந்துதான். இரண்டாம் பக்கத்தில், நீங்கள் இரண்டு லட்சம் ரூபாய் "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு" விடுதலை செய்வதாக இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அப்படி எந்தப் பணமும் வந்ததாகத் தெரியவில்லை. வராத பணத்தை வந்ததாக எழுதிய காகிதத்தில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திர எழுத்தர் பழைய நகலை அப்படியே எடுத்து அடித்திருக்கலாம். யார் அடித்தாலும் சரி, பதிவானால் அது நீங்கள் சொன்னதாகத்தான் ஆகும்.

வங்கி டெபாசிட் விஷயத்தில் சட்டம் தெளிவு. நாமினி என்பவர் பணத்தை வங்கியிடமிருந்து வாங்குகிறவர். அவர் வாங்கினால் வங்கியின் பொறுப்பு முடிந்தது. ஆனால் அந்தப் பணம் வாரிசுகளுக்குச் சேர வேண்டியது. வங்கிக் கணக்கைப் பற்றி 2010இலும், கம்பெனிப் பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அண்ணன் 9 லட்சத்தை எடுத்தால் உங்களுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் தர வேண்டும், அம்மாவுக்கும் அப்பாயிக்கும் அதே அளவு, தம்பி மனைவிக்கும் குழந்தைக்கும் தலா 90 ஆயிரம். கோர்ட் உத்தரவு இல்லாமல் வங்கி அவருக்குத் தருவதை நிறுத்தாது, ஆகவே வங்கி மேனேஜரிடம் போய் மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை. அப்பாவுக்கு எல்ஐசி பாலிசி ஏதாவது இருந்து, அதில் அம்மா நாமினி என்றால் அந்தக் கதை வேறு. 2015இல் திருத்திய காப்பீட்டுச் சட்டப்படி மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் அவருடையதுதான், பங்குக் கணக்கில் வராது.

நிலம்தான் உங்கள் வழக்கில் மிகவும் சிக்கலானது. அண்ணனும் நீங்களும் அதை அப்பாவின் சொத்து என்றே நினைத்துப் பேசுகிறீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது என்றால் அது அப்பாவுக்கு எப்படி வந்தது? தாத்தா தன் காசில் வாங்கிய நிலமாக இருந்து, உயில் எழுதாமல் 1994இல் இறந்திருந்தால், அன்றே அது நான்காகப் பிரிந்துவிட்டது: அப்பாயி, அப்பா, இரண்டு அத்தைகள். 120 சென்ட்டில் அப்பாவுக்கு 30 சென்ட்தான். அந்த 30 சென்ட்தான் இப்போது ஐந்தாகப் பிரிகிறது. உங்களுக்கு 6 சென்ட், அண்ணனுக்கும் 6 சென்ட். அப்பாயிக்கோ தன் சொந்தப் பங்கு 30, மகன் வழியில் 6, ஆக 36 சென்ட். அந்த வயலில் பெரிய பங்குக்காரர் அப்பாயிதான். இத்தனை வருடம் அப்பா ஒருவரே பயிர் செய்தார் என்பதால் மட்டும் அத்தைகள் பங்கு போய்விடாது. பங்காளி ஒருவர் கையில் நிலம் இருந்தால், மற்றவர்களை வெளிப்படையாக மறுக்காதவரை, அது எல்லாருக்காகவும் வைத்திருப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அந்த நிலம் தாத்தாவுக்கு அவருடைய தகப்பனார் வழியில் வந்த கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு மாறும். அப்போது நீங்கள் பிறப்பாலேயே பங்காளி. தமிழ்நாட்டில் 25.3.1989 அன்று திருமணம் ஆகாத பெண்களுக்கு மகனுக்குச் சமமான உரிமையை மாநிலத் திருத்தம் கொடுத்தது. அன்று நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளை. திருமணமாகி இருந்த பெண்களுக்கு அந்த உரிமை 9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தத்தால் கிடைத்தது. அன்று தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்துவிட்டது. 20.12.2004க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் மூலமோ பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது. தாய்ப்பத்திரம், சிட்டா, பழைய வில்லங்கச் சான்று இதெல்லாம் பார்க்காமல் இந்தக் கணக்கை எழுத்தில் போடக் கூடாது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அந்த ஊரில் வயதான பங்காளி யாராவது இருந்தால் பழைய கூர்ச்சீட்டு, அதாவது பாகம் பிரித்ததை எழுதி வைத்த தாள், ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். மஞ்சள் தடவிய அந்தத் தாள் பல வீடுகளில் பீரோவில் மடித்துக் கிடக்கும்.

நாற்பது பவுனைப் பற்றி ஒரே பத்தியில் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்தில் போட்ட நகைக்கும் வாரிசுப் பங்குக்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. அண்ணன் படிப்புக்கும், கல்யாணத்துக்கும் ஆன செலவை யாரும் அவர் பங்கில் கழிப்பதில்லை அல்லவா? "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று நீங்கள் எப்போதாவது வாயால் சொல்லியிருந்தாலும், வீட்டிலும் நிலத்திலும் அதனால் மட்டும் உங்கள் பங்கு போகாது.

குழந்தையின் பங்கில் எல்லாரும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அண்ணனுக்கு நான் வக்கீலாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன். மைனரின் வீடு, நிலத்தை விற்கவோ விட்டுக்கொடுக்கவோ அதன் தாய்க்கே உரிமை இல்லை. முன்கூட்டியே கோர்ட் அனுமதி வாங்க வேண்டும். வாங்காமல் செய்தால், அந்தப் பெண் 18 வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு அதை ரத்து செய்யலாம். இன்று ஆறு வயது. அதாவது இன்னும் பதினைந்து வருடத்துக்கு அந்த வீட்டின் மேல் வழக்கு வர வாய்ப்பு இருக்கிறது. வீட்டை வாங்க வருகிறவரின் வக்கீல் இதைத்தான் முதலில் கேட்பார். ஆகவே தம்பி குடும்பத்தை ஒதுக்கிவிட்டு எழுதும் எந்தப் பத்திரமும் அண்ணனுக்கே உதவாது. அவரிடம் இதை நீங்கள் சொல்லலாம், சண்டையாக இல்லாமல் அவர் நன்மைக்காகவே.

சண்டை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதுதான் விருப்பம். பாகப்பிரிவினை வழக்கு என்றால் முதல்நிலைத் தீர்ப்பு, அப்புறம் இறுதித் தீர்ப்பு, நடுவில் அப்பீல் என்று வருடக்கணக்கில் இழுக்கும். உங்கள் அப்பாயி அதைப் பார்க்க மாட்டார், அம்மாவும் நிம்மதியாக இருக்க மாட்டார். ஆகவே எல்லாரும் உட்கார்ந்து பேசி, ஒரே பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்வதைத்தான் நான் முதலில் முயற்சி செய்வேன். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை பங்கின் மதிப்பில் 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் ஒரு பங்குக்கு அதிகபட்சம் 10,000. 2023 ஜூலையில் வந்த கட்டணம் இது. "வருஷ திதிக்குள்" என்று எந்தச் சட்டக் கெடுவும் கிடையாது. வாரிசுச் சொத்துக்கு வரியும் இல்லை.

பேசும்போது அம்மாவின் இருப்பிடத்தை முதல் விஷயமாக வையுங்கள். வீடு கடைசியில் அண்ணன் பெயருக்கே போகட்டும் என்று எல்லாரும் சம்மதித்தால்கூட, அம்மாவும் அப்பாயியும் ஆயுள் உள்ளவரை அங்கே வசிக்கும் உரிமை பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அம்மா தன் பங்கை அண்ணனுக்கு எழுதிக் கொடுப்பதானால், அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், கவனிக்காமல் விட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடமே மனு கொடுத்து அதை ரத்து செய்யக் கேட்கலாம். அந்த வரி இல்லாததால் பரிதவிக்கும் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு வலிக்கிறது. பெற்ற மகனிடம் நிபந்தனை போடுவதா என்று அம்மா கூச்சப்படுவார். நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் பங்கை விட்டுக்கொடுக்க மனசு இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். அது உங்கள் உரிமை, அதில் தவறு எதுவும் இல்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள், அவ்வளவுதான். கொடுப்பதானால் அண்ணனுக்குப் பதில் அம்மா பெயருக்கு விடுதலை எழுதிக் கொடுப்பதையும் யோசித்துப் பாருங்கள். அம்மா கையில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும். வயதான காலத்தில் அவர் பேச்சுக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருக்கும். அண்ணன் மறுப்புச் சொல்வதும் கஷ்டம்.

அண்ணன் பேச மறுத்தால், அப்பாவின் உயில் நகலையும் சொத்து விவரத்தையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பலாம். அதற்கும் முன்பாக, திருச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. இரு தரப்பையும் அழைத்து மத்தியஸ்தம் பேசுவார்கள். முடிந்தால் லோக் அதாலத் தீர்வாகவே பதிவு செய்யலாம். அதன் மேல் அப்பீல் கிடையாது.

இந்த வாரத்துக்கு மூன்று வேலை. தம்பி மனைவிக்கு ஒரு போன் செய்யுங்கள். இதெல்லாம் நடப்பது அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாமல் இருக்கக்கூடும். அப்பாவின் மருத்துவக் காகிதங்களையும் வீட்டின் மூலப்பத்திரத்தையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அசல் அம்மாவிடமே இருக்கட்டும். அப்புறம் வில்லங்கச் சான்றைப் பார்த்துவிட்டு, நிலம் தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். மீதிக் கணக்கை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.